முதல் வரிசையில் தூக்கிய கை

அத்தியாயம் 9

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு நடுவே இருமினேன், கைக்குட்டையில் சிவப்பாக ஒரு திட்டு வந்தது, "அது வெத்தலை" என்று அப்துல் ரசாக்கிடம் சத்தியம் செய்தேன். போன வாரம் இந்தத் தொடரை அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. அது ரசாக்குக்கும் தெரியும். தொழிற்சாலையில் ஒரே ஷெட்டில் என்னோடு சர்வீஸ் முழுக்க டீ குடித்தவன். என்னை ஸ்கூட்டரில் ஏற்றி நேரே டிபி சென்டருக்குக் கொண்டுபோய், ஒரு சின்ன டப்பாவில் சளியைத் துப்ப வைத்த பிறகுதான் கையை விட்டான். "ரெண்டு பேரும் எளைச்சா ஒண்ணா நடந்த பலன். நீ மட்டும் எளைக்கிற, நான் எளைக்கல. அது இன்னா நாயம்?" என்பது அவன் கட்சி.

நான் ரகுநாதன். ஆவடியில் ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி கஸ்தூரி தொற்றுநோய் ஆராய்ச்சிப் பேராசிரியர். ஒரு கிருமி ஊருக்குள் எப்படி நுழைகிறது, யாரைப் பிடிக்கிறது, சின்ன வயதில் பிடித்ததை முதுமையில் என்னவாகத் திருப்பித் தருகிறது என்பதெல்லாம் அவள் பாடம். எங்கள் குவார்ட்டர்ஸ் குடும்பங்களைத்தான் அதற்காகத் தேர்ந்தெடுத்தாள். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவர்களுக்கு இன்று நரை எட்டிப் பார்க்கிறது. அவள் இன்னும் அவர்களை விடவில்லை. அவளுடைய கட்டுரைகளை வெளிநாட்டில் படிக்கிறார்கள். உள்நாட்டில், அவளுக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிற நான் படித்ததில்லை. அதன் பலன்தான் இந்த அத்தியாயம்.

கஸ்தூரி பணி ஓய்வு பெறுகிறாள். கடைசிச் சொற்பொழிவைக் கல்லூரி ஏசி அரங்கில் வைக்கலாம் என்றார்கள். "காலம் பூரா ரத்தம் குடுத்தவங்க குவார்ட்டர்ஸ்காரங்க. கடைசிப் பேச்சை வேற யார்கிட்டயோ போய்ப் பேசறதா?" என்று சொல்லி, ஆவடி சமூகக் கூடத்தைப் பிடித்துவிட்டாள்.

அந்த விழா இன்றைக்கு. என் டப்பாவுக்குப் பதில் வருவதும் இன்றைக்குத்தான்.

*

"என்னங்க இது, பேன்ட் இடுப்புல நிக்கவே மாட்டேங்குது!"

கஸ்தூரி பல்லிடுக்கில் ஊக்கு ஒன்றைக் கவ்விக்கொண்டு என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாண நாளில்கூட என் இடுப்பைப் பற்றி அவளுக்கு இவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

"மாப்பிள்ளை வெளியில கார் துடைச்சிட்டிருக்கார். காதுல விழுந்தா கோவிச்சுப்பார்" என்றேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு முன்பிருந்தே தொப்பை உண்டு. குறையுங்கள், குறையுங்கள் என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக் களைத்திருந்தாள். ரசாக்கோடு ஏரியைச் சுற்ற ஆரம்பித்தேன், எடை சரசரவென்று இறங்கியது. அவளுக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிட. சாயங்காலம் உடம்பு காய்ந்தால் வெயில் என்றேன். இருமினால் ஏரிக்காற்று என்றேன். ராத்திரி பனியன் நனைந்தால் கரெண்ட் கட் என்றேன். பேராசிரியரின் கணவன் இல்லையா, காரணம் இல்லாமல் எதையும் செய்ய மாட்டேன்.

வேறு யாருடைய வீட்டுக்காரராவது இப்படி இளைத்திருந்தால் கஸ்தூரி அவரை வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பாள். ஆனால் அவளே போட்ட விதி ஒன்று உண்டு. ஆராய்ச்சி செய்கிறவர் வீட்டை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்த பல குடும்பங்கள் எங்களைப் போலவே கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஆராய்ச்சியும் அவர்கள் பின்னாலேயே வந்துவிட்டது. வருஷா வருஷம் அவளுடைய மாணவப் பிள்ளைகள் எங்கள் தெருவில் வீடு வீடாக நுழைவார்கள். எடை பார்ப்பார்கள், கைப்பிடி பலம் பார்ப்பார்கள், இருமல் உண்டா என்று கேட்பார்கள். யாராவது ஒரு கேள்விக்கு 'தெரியாது' என்ற பதிலோடு திரும்பி வந்தால் கஸ்தூரிக்குப் பொறுக்காது. "தெரியாதுன்னு ஒரு பதிலா? திரும்பப் போய்க் கேளு" என்று விரட்டுவாள்.

எங்கள் கேட்டருகே வந்தால் மட்டும் அந்தப் பிள்ளைகள் "வணக்கம் சார்" சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் ராஜா மாதிரி கையை ஆட்டுவேன்.

*

"அப்பா, பாப்பாவைக் கொஞ்சம் புடிங்க. நான் புடவை கட்டணும்."

கார்த்திகா, எங்கள் ஒரே மகள். மேனாம்பேட்டில் ஃபிளாட், கணினிக் கம்பெனியில் வேலை. பிரசவத்துக்கு எங்களிடம் வந்தவள். பாப்பாவுக்கு இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது.

பாப்பா என்னைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சிரித்தது. கை தானாக நீண்டது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கை ஈரம்மா."

"தொடைச்சுக்குங்க."

"எண்ணெய் வேற."

"காலையில எண்ணெய்ல என்ன பண்ணீங்க?"

கைக்குட்டை சிவந்த நாளிலிருந்து நான் பாப்பாவைத் தொடவில்லை. ஹாலில் அது இருந்தால் நான் மாடியில். அது மாடிக்கு வந்தால் எனக்குக் கடையில் வேலை.

"நேத்து முதுகு வலின்னீங்க. முந்தாநாள் பேப்பர் படிக்கணும்னீங்க" என்றாள் கார்த்திகா. குரல் இறங்கியிருந்தது. "பேத்தின்னா கசக்குதாப்பா? பேரனா இருந்தா ஈரக் கையோடவே தூக்கியிருப்பீங்க, இல்ல?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. நான் செய்தது என்ன? ஜோக் அடித்தேன்.

"ஆமாமா. ஆம்பளப் புள்ளையா இருந்தா இந்நேரம் டாங்க் ஓட்டப் பழக்கியிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. பாப்பாவைத் தோளில் மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை.

அப்போது போன் வந்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் மோட்டார் பக்கம் ஓடினேன்.

"சார், டிபி சென்டர்லேர்ந்து ஷோபனா பேசறேன். உங்க ரிசல்ட் வந்துடுச்சு. பாசிட்டிவ். பயப்படாதீங்க, நல்லா குணமாயிடும். மருந்து இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். எப்ப வர்றீங்க?"

"நாளைக்கு வரட்டுமாம்மா? இன்னிக்கு வீட்டுல ஒரு விசேஷம்."

"விசேஷமா? அங்க கூட்டத்துல மாஸ்க் போட்டுக்குங்க சார். நாளைக்குக் கண்டிப்பா வந்துடணும். வீட்ல யார் யார் இருக்காங்க?"

"நானும் என் ஒய்ஃபும்."

"சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்ல."

அந்த நிமிஷம் பார்த்து உள்ளே பாப்பா வீரிட்டது. தொண்டை முழுக்கத் திறந்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி.

"குழந்தை சத்தம் கேக்குதே, சார்?"

"பக்கத்து வீடும்மா" என்றேன்.

ஷோபனா "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பேத்தியைப் பக்கத்து வீட்டுக்குத் தத்துக் கொடுத்திருந்தேன். குழந்தை இருக்கிறது என்று சொன்னால் இன்றைக்கே ஆள் வரும். ஆவடி சுற்றுவட்டாரத்தில் இந்த வேலை பார்க்கிற பாதிப் பேர் கஸ்தூரியிடம் பாடம் கேட்டவர்கள். 'மேடம் வீட்டிலேயா?' என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லி, அவள் மேடை ஏறுவதற்குள் கூடத்தில் பாய் விரித்தது போலப் பரவிவிடும். அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மோட்டார்கூட நம்பவில்லை.

*

மாப்பிள்ளை அஸ்வின் காரில் எல்லோரும் புறப்பட்டார்கள். "நான் ரசாக்கோட ஸ்கூட்டர்ல வந்துடறேன்" என்றேன். மூடின காரில் பாப்பாவோடு எப்படி உட்காருவது?

கஸ்தூரி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னிக்குக்கூடவா?" என்று மட்டும் கேட்டாள். பட்டுப்புடவையில் இருந்தாள். கார் போய்விட்டது.

ஸ்கூட்டரில் ஏறியதும் ரசாக் கேட்டான்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு பாய்."

"இன்னா சொன்னாங்க?"

"இருக்குதாம்."

அவன் வண்டியைக் கிளப்பினான். செக்போஸ்ட் சிக்னலில் நின்றபோதுதான் திரும்பினான்.

"ஊட்ல சொல்ட்டியா?"

"விழா முடியட்டும்."

"ஏன் மாமே, விழா முடியற வரிக்கும் கிருமி ஓரமா குந்திகினு கை தட்டுமா?"

தூசிக்கு என்று சொல்லிப் போட்டிருந்த மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டேன்.

"ஊட்ல பச்சப் புள்ள கீதேன்னு சென்டர்ல சொன்னியா?"

பச்சை விழுந்தது. அது எனக்காகவே விழுந்தது போலிருந்தது. ரசாக் விடவில்லை, காற்றில் கத்தினான். "நானும் டப்பால துப்பிட்டு வந்துட்டேன், தெரியுமா? உன்கூட நடந்த பாவத்துக்கு! எங்க ஊட்ல அல்லாரையும் நாளிக்கு இட்னு போறேன். ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?"

ஒரு வார்த்தைதான். டிபி. அப்ரெண்டிஸ் காலத்தில் விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவனுக்கு அது வந்தபோது அவன் தட்டைத் தனியாக வைத்தார்கள். ஒரு நாள் அவனும் இல்லை, தட்டும் இல்லை. ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு வரை வாயால் சொன்னதில்லை.

*

சமூகக் கூடம் நிறைந்திருந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள். கஸ்தூரியைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா மேடம், ரிட்டேர் ஆயிட்டா எங்க கைய புடிச்சு ரத்தம் எடுக்கறது யாரு?" என்று ராஜகுமாரி மூக்கைச் சிந்தினாள். பேட்டரி கடை வைத்திருக்கும் குடும்பம், முதல் வருஷத்திலிருந்தே ஆராய்ச்சியில் இருப்பவள்.

முதல் வரிசையில் எனக்கு ரிப்பன் கட்டின நாற்காலி. அதை விட்டுவிட்டு அதே வரிசையின் கோடியில் ஜன்னலோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அடக்கமான மனுஷன்" என்று யாரோ சொன்னார்கள். கார்த்திகா பாப்பாவோடு கடைசியில், வாசல் பக்கம். அழுதால் வெளியே போக வசதியாக.

கஸ்தூரி புடவைத் தோள்மடிப்பில் மைக்கைக் குத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கல்லூரியில் எப்படிப் பேசுவாளோ தெரியாது. இந்தக் கூடத்தில் அடுப்படியில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"கிருமிக்கு அவசரமே கிடையாதுங்க. நீங்க இருபது வயசுல வாங்கின காசநோய்க் கிருமி உள்ளே ஒரு மூலையில படுத்துத் தூங்கும். நாற்பது வருஷம்கூடத் தூங்கும். அதுக்குக் காவல் நிக்கற சக்திக்கும் வயசாகும் இல்லையா? சர்க்கரை வேற வந்து சேந்துச்சுன்னா, காவல் அசர்ற நேரம் பாத்து எழுந்துக்கும். இருபது வயசு கணக்கை அறுபதுல வந்து கேக்கும். அது மட்டுமில்ல, வயசானவங்ககிட்டேர்ந்து போறது பெரும்பாலும் யாருக்குத் தெரியுமா? வீட்லயே ரொம்பச் சின்னதுக்கு. ஏன்னா தாத்தா மடியிலதானே அது கிடக்கும்!"

கூடம் சிரித்தது. நான் மாஸ்க்குக்குள் மூச்சு விடுவதை நிறுத்திப் பார்த்தேன். ரொம்ப நேரம் முடியவில்லை.

"என் சர்வீஸ்ல எனக்குப் பெரிய எதிரி கிருமி இல்லீங்க. உங்க வாசப்படிதான்! சின்னக் குழந்தை இருக்காம்மான்னு கேப்போம். 'இல்லியே'ம்பீங்க. உள்ளே தொட்டில் ஆடிட்டிருக்கும்."

இந்தத் தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரவருக்கு அவரவர் தொட்டில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரசாக் மட்டும் இரண்டு வரிசை தள்ளி என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுக்குத் தெரிந்தது.

"நான் யாரையும் கோவிச்சுக்கிட்டதில்ல. வெக்கம்தானே? வெக்கப்படறவங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு கத்துக்கவே எனக்குப் பாதி சர்வீஸ் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு கஸ்தூரி கையிலிருந்த பொத்தானை அழுத்தினாள். "எல்லாம் பயமுறுத்தற விஷயமாவே பேசறேன்ல? இப்ப ஒரு நல்ல விஷயம்."

திரையில் நான் வந்தேன்.

ஒரு நான் இல்லை; இரண்டு நான். இடது பக்கம் போன தீபாவளி, தொப்பையும் லட்டுமாக. வலது பக்கம் போன மாதம், ஏரிக்கரையில், கழுத்தெலும்பு தெரிய. மேலே 'முன்பு', 'இப்போது' என்று எழுதியிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர். எவ்வளவு வருஷம் கெஞ்சினேன்! கடைசியில கேட்டுட்டார். நல்லபடியா வயசாகறது எப்படின்னு யாராவது கேட்டா, இவரைப் பாருங்க."

கைத்தட்டல். "மேடம், சாருக்கு சோறு போடறதே இல்லியா?" என்று ராஜகுமாரி கத்தினாள். மறுபடி சிரிப்பு. யாரோ என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்து கும்பிட்டேன். ஊக்கு குத்தின பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு கும்பிட வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் எனக்காக ஒரு கூடம் கைதட்டியது அதுதான் முதல் தடவை. நோய்க்காக.

"சரி, ஒரு சின்னப் பயிற்சி" என்றாள் கஸ்தூரி. படத்தை மாற்றவில்லை. "நாங்க வீட்டுக்கு வந்தா நாலு கேள்வி கேப்போம்ல, அதை இன்னிக்கு இங்கேயே கேக்கறேன். கூச்சப்படாம கை தூக்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கறவங்க?"

ஒரு கையும் எழவில்லை.

"இவ்வளவு பேர்ல ஒருத்தருக்குமா இல்ல? பாத்தீங்களா, இதுதான் அந்த வாசப்படி."

கடைசி வரிசையில் பாப்பா சிணுங்கியது. திரும்பிப் பார்த்தேன். கார்த்திகா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் கையைத் தூக்கினேன்.

முதலில் அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு கூடம் முழுக்க. "சார் ஆரம்பிச்சுட்டாருபா!" தொழிற்சாலையில் எல்லாப் பிரிவுபசார விழாவிலும் காமெடி செய்தவன் நான். அந்தப் பெயர் அவ்வளவு சீக்கிரம் போகாது. கஸ்தூரியும் சிரித்துவிட்டாள்.

"கையை இறக்குங்க. இது விளையாட்டு இல்ல."

நான் இறக்கவில்லை.

"சாயங்காலமானா காய்ச்சல் வர்றவங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போனாள். என் கை மேலேயே இருந்தது. சிரிப்பு கொஞ்சம் மெலிந்தது. "ராத்திரி தூக்கத்துல வேர்த்துக் கொட்டறவங்க?" கை மேலேயே இருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"காரணமே இல்லாம உடம்பு..."

அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை. மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தாள். அங்கே குண்டாக இருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒல்லியாக இருந்தவன் இன்னும் அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள் என்று தெரியவில்லை. பிறகு படியிறங்கி வந்தாள். என் அருகே வரவில்லை. ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, இருமுகிறவரிடம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று மாணவப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாளோ அந்தத் தூரத்தில் நின்றாள். தணிந்த குரலில்தான் கேட்டாள். தோளில் மைக் இருப்பதை மறந்துவிட்டாள். கூடம் முழுக்கக் கேட்டது.

"சளி டெஸ்ட் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"சொல்லிட்டாங்களா?"

"காலையில போன் வந்துச்சு. இருக்குதாம். டிபி."

வந்துவிட்டது, அந்த வார்த்தை.

கஸ்தூரியின் உதடு ஒரு தரம் இழுத்தது. பிறகு, எத்தனையோ வாசல்களில் எத்தனையோ பேரைக் கேட்ட அதே நிதானத்தில் கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும். அன்று காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டதே அவள்தான். ஆனாலும் கேட்டாள்.

"வீட்ல அஞ்சு வயசுக்குக் கீழே குழந்தை இருக்கா?"

"காலையில இதே கேள்வியை அவங்களும் கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன். பக்கத்து வீடுன்னு சொல்லிட்டேன்."

"இப்ப கேக்கறேன்."

"இருக்கு" என்றேன். "பேத்தி. மூணாம் மாசம் நடக்குது."

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. கார்த்திகா பாப்பாவைச் சேர்த்து அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். அஸ்வின் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

கஸ்தூரி மேடைக்குத் திரும்பினாள். பட்டுப்புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறைத்துத் துடைக்கவில்லை. "இந்தப் படத்தை ஒட்டினது நான்தாங்க. தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிட்டவளும் நான்தான். இளைச்சதுக்குப் பாராட்டினேன்" என்றாள். தண்ணீர் குடித்தாள். "மறுபடியும் முதல் கேள்வியிலேர்ந்து கேக்கறேன். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்?"

ராஜகுமாரியின் கை பாதி எழுந்தது. தலைப்பூவைச் சரி செய்வது போலப் பாசாங்கு செய்தது. பிறகு முழுவதுமாக எழுந்தது. தூணோரத்தில் இன்னொரு கை. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

விழா என்று ஒன்று இருந்தால் பொன்னாடை இருக்கும் அல்லவா? கஸ்தூரிக்குப் போட்டார்கள். பேராசிரியரின் கணவருக்கென்றும் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாதியில் நின்றார். போடுவதா, நீட்டுவதா, நாற்காலியில் வைத்துவிட்டுப் போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர், அவர் மேல் தப்பில்லை. அந்தப் பச்சைப் பொன்னாடை எங்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டே இருந்தது. எனக்குப் பக்கத்துக் கட்டில்காரனின் தட்டு ஞாபகம் வந்தது.

"குடுங்க சார் இங்க" என்று ரசாக் அதைப் பிடுங்கி என் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினான். "நல்லா கைய தூக்குன. ஆனா லேட்டு" என்று காதருகே சொன்னான்.

*

வீட்டுக்கு நான் ஸ்கூட்டரில்தான் வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. அஸ்வின் காரின் டிக்கியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

கஸ்தூரி பட்டுப்புடவையை மாற்றாமல் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஷோபனா, நான் கஸ்தூரி. ஆமாம்மா, அவர் என் வீட்டுக்காரர்தான். காலையில உன்கிட்ட சொன்னது பொய். குழந்தை எங்க வீட்லதான் இருக்கு... பிறந்ததும் தடுப்பூசி போட்டாச்சு. ஆனாலும் பாக்கணும், தடுப்பு மருந்து குடுக்கணும், தெரியும். நாளைக்குக் காலையில வந்து எங்க எல்லாரையும் பாத்துடு. இல்லம்மா, நான் மத்தவங்க மாதிரிதான். எல்லா வீட்லயும் என்னென்ன கேப்பியோ எல்லாத்தையும் கேளு."

போனை வைத்துவிட்டு கேட்டைப் பார்த்தாள். "இந்த வீட்டுக்கு வணக்கம் மட்டும் சொல்லிட்டுப் போங்கன்னு சொன்னவ நான்தானே" என்றாள். என்னிடமா, கேட்டிடமா தெரியவில்லை.

"கஸ்தூரி, உன் விழாவைக் கெடுக்கக் கூடாதுன்னுதான்..."

"பேசாதீங்க. இப்ப நீங்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பீங்க. வேண்டாம்."

கார்த்திகா பாப்பாவோடு வெளியே வந்தாள். நான் தெருப் பக்கம் நகர்ந்து, மாஸ்க்கை அழுத்திக்கொண்டு, பொன்னாடையோடு நின்றேன். பார்ப்பதற்கு ஏதோ கட்சிக் கூட்டத்திலிருந்து துரத்தப்பட்டவன் மாதிரி இருந்திருப்பேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போம்மா" என்றாள் கஸ்தூரி.

"மேனாம்பேட்டுலேர்ந்து கூட்டிட்டு வரேன்."

என்னைத் தாண்டிப் போகப் போனவளிடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்: "கார்த்தி, இந்த வாரம் பூரா நான் பாப்பாவைத் தொடவே இல்லம்மா. பேத்திங்கறதுக்காக இல்ல. அதுக்குத்தான்."

கேட்டில் கை வைத்தவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இளகியது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

"அது புரியுதுப்பா" என்றாள். "ஆனா அதுக்கு முன்னாடி? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாளா ராத்திரியானா உங்க நெஞ்சு மேலதானே தூங்குவா. எப்பலேர்ந்துப்பா நீங்க இருமறீங்க?"

நான் காரணங்கள் வைத்திருப்பவன். வெயிலுக்கு ஒன்று, ஏரிக்காற்றுக்கு ஒன்று, கரெண்டுக்கு ஒன்று. இதற்கு ஒன்றுகூட இல்லை. பொங்கலுக்கு முன்பா, பின்பா? பாப்பா பிறப்பதற்கு முன்பா? கைக்குட்டைக்கு முந்தைய இருமல்களை நான் இருமலாகவே மதிக்கவில்லை.

கார்த்திகா அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, நீங்க சொல்லுங்க. இந்தத் தெருவுல யார் எப்ப இருமினாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா? அப்பா எப்பலேர்ந்து?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்; சமையலறை, சாப்பாட்டு மேஜை, படுக்கை என்று ஒவ்வொரு இடமாகப் போய்த் தேடுவது முகத்தில் தெரிந்தது. பாப்பா கொட்டாவி விட்டது. தெருவில் காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகாவின் ஒரு கால் கேட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே.

"தெரியலம்மா" என்றாள் பேராசிரியர்.